லாக் ஃபில்டர் ஒரு பூட்டு அல்ல!

"பாஸ்வேர்ட் லாக்ல வந்துடுச்சா? ஒரு ஃபில்டர் போட்டு விடு மச்சி, சரியாயிடும்." இந்த வசனம் பேசாத ப்ராஜெக்ட் டீம் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். போன செமஸ்டர் வரை நானும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இது சுத்த மடத்தனம் என்று அடித்துச் சொல்வேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள் :-)

ப்ரோக்ராம் ஓடும்போது எழுதி வைக்கிற டைரிதான் லாக். ஒவ்வொரு பதிவும் ஒரு ஈவென்ட். எல்லாவற்றையும் எழுதினால் ஃபைல் ஊதிப் பெருத்துவிடும். அதனால் எது உள்ளே போகலாம் என்று வாசலில் நின்று பார்க்கிறது ஃபில்டர். ஜாவாவின் லாக்4ஜே 2-ல் அதற்கு மூன்றே பதில்தான். அக்செப்ட் என்றால் "போ". டினை என்றால் "போகாதே". நியூட்ரல் என்றால் "எனக்கு ஆட்சேபம் இல்லை, அடுத்தவரைக் கேள்". ஒரே எச்சரிக்கை நொடிக்கு நூறு தடவை வந்தால் அடக்குவதற்கு பர்ஸ்ட் ஃபில்டர் என்றே ஒன்று உண்டு. இரைச்சலைக் குறைக்க அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் ரகசியத்தைக் காக்கிற வேலையை இதன் தலையில் கட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் வினை.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு லாகின் பக்கம் செய்தோம். 'பாஸ்வேர்ட்' என்ற சொல் வந்தால் டினை என்று ரீஜெக்ஸ் ஃபில்டர் எழுதினோம். ஓட்டினால் லாக் ஃபைல் காலி! பொருந்தாதவற்றை என்ன செய்வது என்று நாம் சொல்லாவிட்டால், அவற்றையும் டினை செய்வதுதான் அதன் இயல்பாம். அரை நாள் போச்சு. அதைத் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

பிறகு ஒரு சீனியர் அண்ணன் அவசரத்தில் தன் பாஸ்வேர்டை பின் நம்பர் கட்டத்தில் அடித்துவிட்டார். அதை எண்ணாக மாற்ற முடியாமல் ஜாவா ஒரு எக்ஸெப்ஷன் வீசியது. அந்த எக்ஸெப்ஷனின் வாசகத்திலேயே அவர் அடித்தது அப்படியே இருக்கும். எங்கள் ஃபில்டர் பார்த்ததோ, நாங்கள் எழுதிய "லாகின் தோல்வி" என்ற செய்தியை மட்டும். எக்ஸெப்ஷன் விவரம் அதற்கு அப்புறம்தான் வரியோடு ஒட்டுகிறது. அந்த ஃபைலை வகுப்பின் பொது ஃபோல்டரில் வேறு போட்டிருந்தோம். "தம்பி, என் பாஸ்வேர்ட் உங்க ஃபைல்ல எப்படிடா வந்துச்சு?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அவருடைய மெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட்தான்.

ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்தாலும் நஷ்டம்தான். அது பாஸ்வேர்டை மட்டும் மறைக்காது, மொத்த ஈவென்டையும் விழுங்கிவிடும். யார், எத்தனை மணிக்கு உள்ளே நுழையப் பார்த்தார்கள் என்ற தடயமும் கூடவே போய்விடும்.

பெரிய இடத்திலும் பாஸ்வேர்ட் லாக்கில் விழத்தான் செய்கிறது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஹேஷ் செய்து முடிப்பதற்கு முன்பே அவை உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவிட்டன என்பதுதான் காரணம். ரகசியத்தை லாக்கர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் ஃபில்டரைத் தேடுவது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"மனுஷன் தப்பு பண்ணுவான், இரண்டாவது அரணா இருந்துட்டுப் போகட்டுமே" என்பீர்கள். தாராளமாக இருக்கட்டும். முதல் அரண் எங்கே என்பதுதான் என் கேள்வி.

பாஸ்வேர்டுக்குத் தனி கிளாஸ் எழுதுங்கள், அச்சடித்தால் நட்சத்திரம் மட்டும் வரட்டும். பயனர் அடித்ததைச் சுமந்து வரும் எக்ஸெப்ஷனை அப்படியே லாக்கில் கொட்டாமல், "பின் நம்பர் எண் அல்ல" என்று நீங்களே எழுதுங்கள். கடைசியாக, எல்லாக் கட்டத்திலும் ஒரு பொய்யான ரகசியத்தை அடித்துவிட்டு, லாக் ஃபைலில் அதைத் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

நாங்கள் செய்திருந்தால் அந்த அண்ணன் முகத்தில் இன்றைக்கும் முழித்திருக்கலாம்.