என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா?



பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்ற செய்தி மறுபடியும் நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. "இருக்கட்டுமே சார், என்ன நஷ்டம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

நேரம்தான் நஷ்டம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் பொதுவாக ஏற்ற வேண்டும். விரலைக் குத்திக்கொண்டும், "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்றும் நாம் கழிப்பது அந்த நேரத்தைத்தான்.

சிலர் கெட்டிக்காரத்தனமாக ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை ஆபத்தைக் கூட்டும். வாய் கோணியவருக்குக் காபியும் தண்ணீரும் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

தலைவலியிலும் இதே அலட்சியம்தான். தைலம், ஒரு மாத்திரை, "பித்தம்", "வெயில்" என்று முடித்துவிடுகிறோம். பெரும்பாலான தலைவலி ஆபத்தில்லாதது, உண்மை. அதனால்தான் ஆபத்தானதைத் தவறவிடுகிறோம். "ரொம்ப வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக உச்சத்துக்குப் போனது, வழக்கமான வலி போலத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி, மூளையைச் சுற்றிய ரத்தக் கசிவாக இருக்கலாம். மாத்திரையில் வலி குறைந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டதாக அர்த்தமில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் சி.டி. ஸ்கேனில் கசிவு அநேகமாகத் தெரிந்துவிடும். நாள் கடந்தால் தெரியாமலும் போகலாம்.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, குழப்பமான பேச்சு, பார்வை இரண்டாகத் தெரிவது, தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி: எதையும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள்.

நம் வீட்டுப் பெண்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கர்ப்பிணியும் பிள்ளை பெற்றவளும் தலை வலிக்கிறது என்றால் "தூக்கமில்லை, அதான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அது ரத்த அழுத்தம் ஏறியதாலோ, மூளையின் சிரையில் ரத்தம் உறைந்ததாலோ இருக்கலாம். "அவளுக்கு எப்பவும் வருவதுதானே" என்பது வைத்தியம் ஆகாது.

முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், 108ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் ஊருக்கு அருகில் நடுராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.