வீதிக் காரும் பந்தயக் காரும்

சித்திரை பிறந்ததும் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டங்கள் களைகட்டும். அவற்றின் ஓர் அங்கமாக மகாகஸ்தொட்டைத் தேயிலைத் தோட்டத்து மலைப் பாதையில் மோட்டார் ஏற்றப் பந்தயம் நடைபெறுவதுண்டு. 1934 ஆம் ஆண்டில் தொடங்கிய பழம்பெரும் பந்தயம் அது. வண்டிகள் ஒன்றையொன்று துரத்தி ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, உச்சியை அடைய எடுத்த நேரமே கணக்கிடப்படுகிறது. அதனைக் கண்டு திரும்பும் வத்தேகம இளைஞனுக்கு, கண்டிக்குச் செல்லும் நமது பாதையின் வளைவுகளும் பந்தயத் திடலாகவே தோன்றத் தொடங்குகின்றன. வீட்டில் நிற்கும் பழைய காரைப் பந்தயக் காராக மாற்றிவிட்டால் என்ன என்ற ஆசையும் உடன் பிறக்கிறது.

ஆசை குற்றமன்று. யந்திர சாஸ்திரத்தைக் கையால் தொட்டுப் பயில்வதற்கு இதனினும் சிறந்த வழி கிடைத்தல் அரிது. ஆயினும், அம்மாற்றம் எத்தகையது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

சாதாரணக் கார் பந்தயக் காரானதற்கு உலகறிந்த உதாரணம் ‘மினி’. 1959 இல் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் சிறு குடும்பங்களுக்கென அமைத்த வண்டி அது. அதன் எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. பந்தயக் கார்களை அமைப்பதில் வல்லவரான ஜோன் கூப்பர் அதிலே மறைந்திருந்த திறமையைக் கண்டுகொண்டார். 1961 இல் வெளிவந்த ‘மினி கூப்பர்’ 997 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் இரட்டைக் காபரேற்றரும் பெற்றிருந்தது. அத்துடன் முன் சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக்குகளும் பூட்டப்பட்டன. இதன் வழிவந்த ‘கூப்பர் எஸ்’ வண்டிகள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டத்தில் வெற்றி வாகை சூடின. விசையைக் கூட்டியவர்கள் நிறுத்தும் ஆற்றலையும் உடன் கூட்டினார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

இதற்குக் காரணம் பள்ளிப் பௌதிகத்திலேயே உள்ளது. வேகம் இரு மடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் காரை நிறுத்துவதைவிட 80 கிலோமீற்றரில் ஓடும் காரை நிறுத்துவதற்கு நான்கு மடங்கு சக்தியை வெப்பமாக மாற்றியாக வேண்டும். அவ்வெப்பம் முழுவதும் பிறேக்குகளையே சேர்கிறது. பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 4’ தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகையாகத் தாழ்ந்துவிடும். எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி கட்டை தரைமட்டும் அமுங்கும், வண்டி நில்லாது. ஆகவே, அனுபவமுள்ளவர்கள் எஞ்சினைத் தொடுமுன் பிறேக் எண்ணெயை மாற்றுவார்கள். வெப்பந் தாங்கும் பிறேக் கட்டைகளைப் பொருத்துவார்கள்.

அடுத்தது பாரம். பின்னாசனம், விரிப்புகள், ஓசை தடுக்கும் பொருள்கள் யாவும் களையப்படும். பாரம் குறைந்தால் புறப்படுவதும் வளைவதும் நிற்பதும் ஒருங்கே இலகுவாகும். இதற்குப் பணச் செலவும் மிகக் குறைவு. அப்பால், ஸ்பிரிங்குகள் கடினமாக்கப்படும். வளைவுகளில் எஞ்சின் ஓயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாதபடி, ஓயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கப்படும். வண்டி கவிழ்ந்தாலும் கூரை நசுங்காதிருக்க உருக்குக் குழாய்க் கூண்டும், உடலை ஆசனத்தோடு பிணைக்கும் பல முனைப் பட்டியும், தீயணைக்கும் கருவியும், மின்னோட்டத்தை ஒரே நொடியில் துண்டிக்கும் விசையும் அமைக்கப்படும்.

இத்தனையும் செய்தபின் அந்தக் காரில் அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகலாமா? கூடாது. பந்தயப் பிறேக் கட்டைகளிற் பல சூடேறிய பின்பே நன்கு பற்றும். குளிர்ந்த காலையில், சந்தியிலே சிறுபிள்ளை குறுக்கே ஓடினால் அவை சட்டென்று உதவமாட்டா. வரிப் பள்ளமற்ற பந்தய ரயர்கள் மலைநாட்டு மழையில் நீரை வெளியேற்ற இயலாது வழுக்கும். கடினமான ஸ்பிரிங், குண்டும் குழியுமான பாதையில் சில்லைத் துள்ளவைத்துப் பிடிப்பை இழக்கச் செய்யும். உயிர்காக்க அமைத்த உருக்குக் கூண்டும், தலைக்கவசம் அணியாதவனின் மண்டையைப் பிளக்கக் கூடியது. பந்தயத்தில் குணமாயிருப்பது வீதியிலே குற்றமாகிவிடுகிறது. எனவே, மாற்றிய காரைத் திடலுக்கு ஏற்றிச் சென்று அங்கேயே ஓட்டுவதுதான் முறை.

தமிழர் நடுவே இத்துறையில் நினைக்கத்தக்கவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். எளிய மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு பந்தய வண்டிகளை அமைத்து, நடுத்தர வீட்டு இளைஞர்களும் எட்டக்கூடியதாக அக்கலையை அவர் ஆக்கினார். 1995 இல் விமான விபத்தொன்றில் அவர் காலமானார். 2003 இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் திடல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வேகத்தை விரும்பும் இளைஞருக்கு ஓடுவதற்குத் தகுந்த இடமும் வேண்டும் என்பதை அது நினைவூட்டுகிறது.

திடலிலும் அபாயம் அகன்றுவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்ததில் எழுவர் உயிரிழந்தனர். பார்வையிட வந்தவர்களையே மரணம் தேடி வந்தது. விதிகளும் மேற்பார்வையும் உள்ள திடலிலேயே இவ்வாறு நேருமாயின், பள்ளிப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரும் நடக்கும் மலைப் பாதையில் போட்டியிட்டு ஓடுவதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? அது சட்டத்துக்கும் மாறானது, தருமத்துக்கும் மாறானது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் ஆர்வத்தை ஒரேயடியாகக் கண்டித்து ஒடுக்காதீர்கள், ஒளித்துச் செய்யும் காரியமே பெரும் ஆபத்தைத் தரும். நல்ல மெக்கானிக் ஒருவரிடம் விடுமுறை நாட்களில் தொழில் பழக அனுப்புங்கள். மாணவர்க்கும் ஒரு வார்த்தை: முதலில் உங்கள் வீட்டுக் காரின் பிறேக் எண்ணெய் எத்தனை ஆண்டு பழையது என்று விசாரித்தறியுங்கள். ரயர்களின் தேய்மானத்தை அளந்து பாருங்கள். ஒரு வண்டியை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவனுக்கே அதனை வேகமாக ஓட்டும் உரிமை உண்டு.