சிட்டுக்குருவியை விரட்டியது யார்?

ஆண்டுதோறும் மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி தினம் கொண்டாடுகிறார்கள். கனவான்கள் மரப்பெட்டி மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது' என்று பேசிக் கலைகிறார்கள்.

கோபுரத்தின் மேல் சுமத்தும் பழிக்கு ஆதாரம் இல்லை. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்வது இது: நாடு முழுவதும் பார்த்தால் குருவி குறைந்துவிடவில்லை, சென்னை, மும்பை, தில்லி உள்ளிட்ட 6 பெருநகரங்களில்தான் படிப்படியாகக் குறைந்திருக்கிறது.

காரணம் என்ன? குருவி மனிதனை அண்டிப் பிழைக்கும் ஜீவன். ஓட்டுச் சந்தும் சுவர்ப் பொந்தும் அதன் வீடு. களத்திலும் மண்டியிலும் ரேஷன் கடை வாசலிலும் சிந்தும் தானியம் அதன் உணவு. ஓட்டு வீட்டை இடித்துக் கண்ணாடி மாளிகை கட்டினார்கள்; குருவிக்கு வீடு போயிற்று. புதரையும் செடியையும் அழித்துச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். புழு பூச்சி போயிற்று. குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தாய்க்குருவி ஊட்டுவது புழு பூச்சியைத்தான். அது இல்லையேல் குஞ்சு பட்டினி.

கிராமத்தில் குருவி இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்க முடியுமா? அங்கே பூச்சி மருந்து என்ற பெயரில் விஷம் பாய்கிறது. பூச்சியைக் கொல்லும் விஷம் குருவிக் குஞ்சின் இரையைப் பறிக்கிறது. அதோடு நிற்கவில்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளரும் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். முகமூடியோ கையுறையோ இல்லாமல் விஷத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். விற்றவனுக்கு லாபம், தெளித்தவனுக்குச் சாவு!

இதை மாற்ற முடியாதா? முடியும். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானைத் தெளித்து ஜனங்களை நாசமாக்கினார்கள். மக்கள் போராடினார்கள். ஜனநாயக வாலிபர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விஷத்துக்குத் தடை போட்டது.

மரப்பெட்டி மாட்டுவதை நாம் குறை சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறோம். மருந்தடிக்கும் தொழிலாளிக்கு முதலாளி செலவில் முகமூடி, கையுறை, காலணி வேண்டும். கொடிய விஷங்களைத் தடை செய்ய வேண்டும். தொழிலாளர் குடியிருப்பில் மரமும் செடியும் வளர இடம் விட வேண்டும். தோழர்களே, இந்தக் கோரிக்கைகளை உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள். உழைப்பவனுக்கு வாழ வழியுள்ள ஊரில் குருவிக்கும் ஓர் இடம் கிடைக்கும்.