செம்புக் கம்பி போனால் போன் போய்விடாது

“லேண்ட்லைனை மட்டும் கழட்டிடாதீங்க. இன்டர்நெட் போன் எல்லாம் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான்.” நாமக்கல் முட்டை வியாபாரிகளிடமும், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஆபீஸ்களிலும் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஃபைபருக்கு மாறலாமே என்றால் காரணங்கள் வரிசையாக வரும்: கரண்ட் போனால் போன் செத்துவிடும், குரல் விட்டு விட்டு வரும், இடி இடித்தால் பெட்டி போய்விடும், பழைய நம்பர் கைவிட்டுப் போய்விடும். அனுபவப்பட்டவர்கள் சொல்வதால் ஊரும் நம்புகிறது. ஆனால் அந்த அனுபவம் இன்றைய லைனைப் பற்றியதல்ல.

கரண்ட் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. செம்புக் கம்பியில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, 48 வோல்ட் டிசி. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள், அவற்றுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் இருட்டுக் கடையிலும் லேண்ட்லைன் மணி அடித்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

இன்று அந்தக் கடை மேஜையில் இருக்கும் போனைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் கார்ட்லெஸ். அதன் அடிப்பெட்டி சுவரில் உள்ள பிளக்கிலிருந்து ஓடுகிறது. கரண்ட் போன நிமிடமே அது அணைந்துவிடும். கம்பியில் எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் வந்துகொண்டிருந்தும் பயனில்லை. கார்ட்லெஸ் வாங்கிய அன்றே நாம் அந்த வசதியை விட்டுக்கொடுத்துவிட்டோம்.

ஃபைபர் இணைப்பில் வீட்டுக்குள் வரும் சிறு பெட்டிக்கு, அதாவது ஓஎன்டிக்கு, பொதுவாக 12 வோல்ட் போதும். அதற்கென்றே கைக்கு அடங்கும் மினி யூபிஎஸ் கடைகளில் விற்கிறது. பேட்டரியின் அளவைப் பொறுத்து சில மணி நேரம் தாங்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக்கில் பெட்டியைச் செருகினாலே போதும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மதியத்துக்கு மேல் கரண்ட் விடும் நாளிலும் போன் ஓடும். யூபிஎஸ் வாங்காமல் மாறினால் முதல் மின்தடையிலேயே பழைய குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். இணைப்பு கொடுக்க வருபவர்கள் இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

இன்னொன்று, கரண்ட் இருந்தால் மட்டும் செம்பு லைன் பேசிவிடுமா? மழைக்குப் பிறகு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி கரகரவென்று சத்தம் வருவதும், சாலை அகலப்படுத்தும்போது ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டு வாரக்கணக்கில் லைன் டெட் ஆகக் கிடப்பதும் இந்தப் பகுதியில் யாருக்கும் புதிதல்ல. ஒரு கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிகள். அறுந்தால் ஒவ்வொன்றாகத் தேடி இணைக்க வேண்டும். அந்த வேலை கைவந்தவர்கள் இப்போது மிகக் குறைவு. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பிஎஸ்என்எல்லை விட்டு ஒரே நாளில் வெளியேறியவர்கள் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல். பழைய லைன்மேனுக்குத் தெரிந்த தெருவோர இணைப்புப் பெட்டிகளான பில்லரும் டிபி பாக்ஸும் இருக்கின்றன. திறந்து பார்க்க ஆள் இல்லை. ஃபைபரும் அறும்தான். வைக்கோல் ஏற்றிய லாரி தெருவில் தாழத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போவதுண்டு. அப்போது பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும். ஒரே இழை என்பதால் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வருபவர் சில நிமிடங்களில் ஒட்டிவிடலாம்.

குரல் விட்டு விட்டு வரும் என்பது வாட்ஸ்அப் காலை வைத்துச் சொல்லும் தீர்ப்பு. சிக்னல் குறைந்த செல்போனில் பேசும் வாட்ஸ்அப்பும், ஃபைபர் பெட்டியின் போன் துளையில் செருகிய போனும் ஒன்றல்ல. லேண்ட்லைன் தரத்துக்கு ஒரு அழைப்புக்கு நொடிக்கு நூறு கிலோபிட் அளவே போதும். இப்போதைய ஃபைபர் பிளான்களில் அது துளி. மேலும் கம்பெனிகளால் குரலை இன்டர்நெட் டேட்டாவிலிருந்து பிரித்துத் தனிப்பாதையில், முன்னுரிமை கொடுத்து அனுப்ப முடியும். பழைய சுழற்று டயல் போன்களும் ஃபேக்ஸ் மெஷின்களும் சில பெட்டிகளில் சரியாக ஓடாது என்பது உண்மை. அவற்றை நம்பித் தொழில் செய்பவர் முதலில் சோதித்துவிட்டு மாறட்டும்.

இடி விஷயத்தில் நிலைமை நேர் எதிர். கோடை மழையில் மின்னல் செம்புக் கம்பி வழியே வந்து மோடத்தையும் போனையும் சேர்த்துக் கருக்கியது பல வீடுகளில் நடந்தது. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் கேபிளோடு வரும் உலோகத் தாங்கு கம்பி கடத்தும், அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கரண்ட் லைன் வழியாக வரும் மின்னதிர்ச்சி பெட்டியைத் தாக்கக்கூடும். அது டிவிக்கும் உள்ள ஆபத்துதான்.

“செல்போன் இருக்கும்போது எதுக்கு லேண்ட்லைன்?” என்று கேட்பவர்களுக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கே பதில். 2020 வாக்கில் நாடு முழுக்க 2 கோடி அளவுக்குச் சுருங்கிய கம்பி வழி இணைப்புகள் 2023இல் 3 கோடியைத் தாண்டின. ஏற்றிவிட்டது ஃபைபர். 2022 ஆகஸ்டில் இந்த எண்ணிக்கையில் ஜியோ பிஎஸ்என்எல்லை முந்தியது.

கடைசியாக நம்பர். இந்தப் பயம்தான் மற்றவற்றைவிட நியாயமானது. 0427, 04286 என்று தொடங்கும் நம்பர் கடைப் பலகையில், பில் புக்கில், காலண்டரில், லாரியின் கதவில் எழுதியிருக்கிறது. முப்பது வருட வாடிக்கையாளர் அதைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார். பிஎஸ்என்எல் லேண்ட்லைனை பிஎஸ்என்எல் ஃபைபருக்கே மாற்றினால் அதே நம்பரைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பழைய லைனைச் சரண்டர் செய்துவிட்டுப் புது இணைப்பு எடுத்தால் புது நம்பர்தான் கிடைக்கும். எனவே விண்ணப்பத்தில் ‘பழைய நம்பரோடு மாற்றம்’ என்று எழுதிக் கொடுத்து, ஃபைபரில் அந்த நம்பருக்கு மணி அடித்த பிறகே பழைய கம்பியைக் கழற்றவிடுங்கள். வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள் நம்பரும் கூடவே வரும் என்று எண்ண வேண்டாம். நம்பரோடு கம்பெனி மாறும் வசதி இந்தியாவில் செல்போனுக்குத்தான் உண்டு, லேண்ட்லைனுக்கு இல்லை. தனியார் ஆள் வீட்டு வாசலில் நின்று “அதே நம்பர் வரும் சார்” என்றால், எழுத்தில் கேளுங்கள்.