நிழற்படமும் தூரிகையும்

நிழற்படத்தைப் பார்த்துத் தைல வண்ணத்தில் தீட்டியது ஓவியமே அன்று, வெறும் நகலே என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் பலர். அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: 1888-இல் ஆர்ல் நகரில் இருந்த வான்கோ, தொலைவிலிருந்த தம் தாயை எவ்வாறு தீட்டினார்? கையிலிருந்தது நிறமற்ற நிழற்படம் ஒன்றே. அந்த நிறமின்மையைப் பொறுக்கமாட்டாமல், தம் நினைவில் வாழ்ந்த தாயைப் பச்சை வண்ணம் சூழத் தீட்டினார். 1880-ஐ ஒட்டி, ஃபோந்தேன்ப்ளோ காட்டில் உருகும் பனியைச் செசான் தீட்டியதும் ஒரு நிழற்படத்தைக் கொண்டே. இவற்றை நகல் என்று தள்ள எவருக்குத் துணிவு உண்டு?

நிழற்படம் குறையுடையது என்பதை நாம் மறுக்கவில்லை. அதில் ஆழ்ந்த நிழல் வெறும் கறுப்பாகிவிடும். அங்கே நீலமும் ஊதாவும் உண்டென்பது நேரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கே தெரியும். மிக அருகிருந்து எடுத்த முகத்தில் மூக்குப் பெருத்து, காதுகள் ஒடுங்கும். இவற்றைத் திருத்தாமல், கட்டம் போட்டு அப்படியே துணியில் ஏற்றுபவரைக் கண்டியுங்கள். நாமும் உடன் வருகிறோம். (கட்டம் போடுவதில் தவறில்லை, அதோடு நின்றுவிடுவதே தவறு.) ஆனால், மறைந்த தாயின் மங்கிய படமொன்றைக் கையில் ஏந்தி, அவர் முகத்தைத் தீட்டித் தருமாறு வந்து நிற்கும் மகனிடம், நேரில் அமரவைத்துத் தீட்டுவதே கலை என்று சொல்லி அனுப்பிவிடுவீர்களா?