வாசல் ஆணியில் தொங்கும் பை

போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் வீட்டு பீரோவின் மேல் தட்டில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதற்குள் லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் இருக்கும் என் அத்தையின் ரேஷன் கார்டு, ஆதார், தீவுவாசி அட்டை, நிலத்தின் காகிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. எங்கள் வீட்டுக் காகிதங்களின் நகல் இதே மாதிரி ஓர் உறையில் அத்தை வீட்டில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே கப்பலில் ஓர் இரவுப் பயணம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது அத்தைதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு லிட்டில் அந்தமான் குலுங்கியபோது, அத்தையும் மாமாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். குலுக்கல் ஓய்ந்தது. மர வீடு விழவில்லை. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சற்று நேரத்தில் கடல் உள்வாங்குவதைப் பார்த்து யாரோ கத்த, தெருவே காட்டுப் பக்கத்து மேட்டை நோக்கி ஓடியது. மாமா மட்டும், “பெட்டிய எடுத்துட்டு வந்துர்றேன், நீ புள்ளைங்களக் கூட்டிட்டுப் போ” என்று திரும்பினார். நிலத்தின் காகிதம் அந்தத் தகரப் பெட்டியில் இருந்தது. அதன்பிறகு அத்தை அவரைப் பார்க்கவில்லை.

“காகிதம் வேற எங்கயாவது பத்திரமா இருந்திருந்தா அவரு திரும்பியிருக்க மாட்டாருப்பா.” இருபது வருடங்களில் இந்த ஒரு வாக்கியத்தை அத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. பேரிடருக்கு எப்படித் தயாராவது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஓடும்போது எதையெல்லாம் எடுத்துப் போகவேண்டும் என்று பட்டியல் போடுகிறோம். எதற்காகவும் வீட்டுக்குள் திரும்பிப் போகவேண்டிய தேவை வராதபடி முன்கூட்டியே செய்து வைப்பதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

நிமிடக் கணக்கைப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். அன்று பூமி பிளந்தது சுமத்ராவுக்கு அருகே தொடங்கி வடக்கே அந்தமான் வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு. சென்னைக் கடற்கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கார் நிக்கோபாரிலோ குலுக்கல் ஓய்ந்த சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. அங்கிருந்த விமானப்படைக் குடியிருப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இன்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. நிலநடுக்கம் நேர்ந்து பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை தருவதற்கான ஏற்பாடு அவர்களிடம் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அது பெரிய வரம். ஆனால் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நமக்கு, அந்தப் பத்து நிமிடம் காத்திருப்பதற்கான நேரம் ஆகாது. நிற்கமுடியாத அளவுக்குப் பூமி ஆடினால், அல்லது மெதுவாக ஆடினாலும் நிமிடக் கணக்கில் நீண்டால், அந்த ஆட்டம்தான் நமக்கு எச்சரிக்கை. சைரனுக்கும் கைபேசிச் செய்திக்கும் காத்திருக்கக் கூடாது. குலுக்கல் நின்றதும் மேட்டுக்கு நடக்கவேண்டும்.

அத்தையின் தீவிலேயே டுகாங் கிரீக்கில் வாழும் ஓங்கே பழங்குடியினர் அன்று அதைத்தான் செய்தார்கள். நூறு பேர் அளவே இருக்கும் அந்தச் சமூகம், கடல் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து உயரமான இடத்துக்குப் போய்த் தப்பியது. அவர்கள் எந்த அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை. அவர்களிடம் கேட்டு வளர்ந்த கதை இருந்தது.

நம்மிடம் அந்தக் கதை இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே வந்த நிலநடுக்கத்தில் எழுந்த அலையை வங்காள விரிகுடாத் துறைமுகங்களின் அலைமானிகள் பதிவு செய்திருக்கின்றன. 1941 ஜூன் 26 அன்று வந்த பெரிய நிலநடுக்கம் ராஸ் தீவையும் போர்ட் பிளேரையும் உலுக்கியது. அடுத்த மார்ச்சில் ஜப்பானியப் படை வந்து இறங்கியது. அந்த மூன்றரை ஆண்டுத் துயரத்தில் நிலநடுக்கத்தின் நினைவு அமுங்கிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு கப்பல் ஏறி வந்தவர்கள். ராமநாதபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த தாத்தாவுக்கு இந்த மண் ஆடும் என்று சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

மெயின்லேண்டில் அச்சடிக்கிற கையேடுகளில் மூன்று நாளுக்கான உணவும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று இருக்கும். அந்த மூன்று நாள் கணக்கு சாலை இருக்கிற ஊருக்குப் பொருந்தும். சென்னையிலிருந்து கப்பல் புறப்பட்டு இங்கே வந்து சேரவே மூன்று நாள் ஆகிறது. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கப்பலில்தான் வருகின்றன. கடல் கொந்தளித்தால் நம் தீவுகளுக்குள்ளேயே போட் ஓடாது. 2016 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்ததை நாம் பார்த்தோம். அது சாதாரணமான ஒரு காற்றழுத்தத்தின் தொடக்கம், ஜெட்டிகள் உடையாமல் இருந்த சமயம். 2004-இல் ஹட் பே ஜெட்டியே சேதமானது. வெளித்தீவில் ஒரு வீடு இரண்டு வாரம் தன் காலில் நிற்க ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஷாதிபூரில் குறைந்தது ஒரு வாரம்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. தண்ணீரைச் சேமிப்பது நமக்குப் புதிதும் இல்லை. தனிக்காரி அணை வற்றும் கோடையில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறோம். மழை தொடங்கியதும் டிரம்மைக் கவிழ்த்துவிடுகிறோம், அங்கேதான் தவறு. குடிப்பதற்கென்று ஒரு டிரம்மை வருடம் முழுவதும் மூடி வைத்து, மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் அதைக் கயிற்றால் சுவரோடு கட்டுங்கள். கட்டாத டிரம் குலுக்கலில் உருண்டு கொட்டிவிடும். பீரோவும் அப்படியே, இரண்டு இரும்புப் பட்டையால் சுவரில் பிடித்துவிடலாம். அவல், சத்து மாவு, வெல்லம், கருவாடு, உப்பு: அடுப்பு இல்லாமலோ ஒரே கொதியிலோ பசியாற்றக்கூடியவை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசி அட்டை தீரும்வரை காத்திருக்கக் கூடாது. மருந்தும் மெயின்லேண்டிலிருந்துதான் வருகிறது.

ஒரு பேட்டரி வானொலி இருக்கட்டும். சிலருக்கு இது பழைய காலத்துப் பேச்சாகத் தோன்றலாம். 2004-இல் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, தற்செயலாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் தன் கருவியைக் கொண்டு வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பினார். அத்தை உயிரோடு இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவே ஆறு நாள் ஆனது. இப்போது 2020-இல் திறந்த கடலடிக் கேபிள் சென்னையோடு நம்மை இணைக்கிறது. கடல்தரையே நகர்கிற நாளில் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். 2002 செப்டம்பரில் திக்லிபூரில் வந்த நிலநடுக்கத்திலும், இரண்டு வருடம் கழித்து வந்ததிலும் மர வீடுகள் பெரும்பாலும் நின்றன. அதிகம் அடிபட்டவை சரியான கம்பிக்கட்டு இல்லாத கான்கிரீட் கட்டடங்கள். கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்களை விட்டு மேலே மூன்று மாடி ஏற்றுகிற பழக்கம் நம் சரிவுகளில் கூடிக்கொண்டே போகிறது. இந்தத் தீவுக்கூட்டம் முழுவதும் நிலநடுக்க அபாயத்தின் உச்ச வகையில் வைக்கப்பட்டிருக்கும் இடம். தூணில் மிச்சம் பிடிக்கும் கம்பி உயிரோடு விளையாடுவது. எனக்கு இதில் கோபம் உண்டு. ஒளிக்க விரும்பவில்லை.

மண் ஆடி நின்ற பிறகும் கணக்கு முடிவதில்லை. 2004-இல் திக்லிபூர்ப் பக்கம் தரை உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே வந்தன. தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் இன்றும் உப்புத் தண்ணீர் நிற்கிறது. “போன தடவை இங்க தண்ணி வரல” என்று பெரியவர்கள் சொல்லும் இடம் அன்றைக்கு இருந்த உயரத்தில் இப்போது இல்லை.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கும். 8.6 அளவில் சுமத்ரா அருகே நிலநடுக்கம், எச்சரிக்கை, எல்லோரும் மேடேறினோம். பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. மாலையில் இறங்கி வரும்போது, “சும்மா ஓடவிட்டாங்க” என்று பலர் சலித்துக்கொண்டார்கள். அத்தை அன்று தொலைபேசியில் பேசினார். பேத்தியோடு மேட்டில் இருந்தார். “வீட்டப் பூட்டலப்பா. காகிதம் வச்ச பையும் வாசல் ஆணியில அப்படியே இருக்கு, எடுக்க நேரமில்ல. எடுக்கலன்னாலும் பரவாயில்ல, உங்கிட்டதான் நகல் இருக்கே” என்றார். அவருடைய குரலில் பதற்றமே இல்லை.

ஏழு ஆண்டுகளில் அவர் செய்துகொண்ட ஏற்பாடு அன்று சரியாக வேலை செய்தது. உங்கள் வீட்டுக் காகிதங்களின் நகலை வேறு ஊரில், முடிந்தால் வேறு தீவில் அல்லது மெயின்லேண்டில் இருக்கும் உறவினரிடம் இந்த மாதமே கொடுத்து வையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு வாசலில் இருந்து பக்கத்து மேட்டுக்கு நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணுங்கள். பாட்டியின் நடைக்கு எத்தனை நிமிடமோ அதுதான் உங்கள் வீட்டின் கணக்கு.