களைத்த உள்ளமும் கடவுளின் அப்பமும்

"ஜெபிக்க மனம் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், "விசுவாசம் குறைந்துவிட்டது, இன்னும் அதிகமாக ஜெபி" என்று உடனே புத்தி சொல்கிறோம். இந்த மருந்து எல்லா நோய்க்கும் பொருந்துமா? சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னை இவ்வாறு சிந்திக்க வைத்தது.

என் அக்காள் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பள்ளி நாட்களில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். அக்டோபர் மாதத்தில் ஒரு நாளும் ஜெபமாலை தவறாதவள். இன்று அவளுக்கு ஷிப்டு வேலை. இரவெல்லாம் நின்று உழைத்து, கம்பெனி பஸ்ஸில் விடுதி திரும்பி, அவள் படுக்கும் நேரத்தில் ஊர் விழித்துக்கொள்கிறது. விடுமுறைக்கு வந்தவள் ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின்போது தூங்கிவிட்டாள். "சாமி சந்நிதியில் தூங்கலாமாடி?" என்று அம்மா கடிந்துகொண்டார்கள். அக்காள் அழுதாள். "சாமியை நான் மறக்கவில்லை அம்மா. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது" என்றாள். அதற்கு எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை.

பதில் வேதாகமத்தில் இருக்கிறது. அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறங்கச் செய்த எலியா, ஈசபேல் அரசிக்கு அஞ்சிப் பாலைவனத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, வாழ்ந்தது போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் மன்றாடிவிட்டு உறங்கிப்போகிறார். அவரைத் தேடி வந்த வானதூதர் அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. ஒரு கண்டன வார்த்தையும் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் தூதர் எழுப்பி உணவூட்டினார். அந்த உணவின் வலிமையால் 40 நாள் நடந்து, ஓரேபு மலையில் மெல்லிய ஓசையில் இறைவனை அவர் சந்தித்தார். முதலில் அப்பமும் உறக்கமும், பிறகுதான் மலையும் தரிசனமும்!

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் உருவாகின்றன; ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செல்போன்கள் உருவாகின்றன. அவற்றுக்காகப் பல மாவட்டங்களிலிருந்து வந்த நம் சகோதரிகள் விடுதிகளில் தங்கி உழைக்கிறார்கள். 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றபோது, அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது உண்ணத்தக்க உணவும் தங்கத்தக்க இடமும்தான். எலியாவுக்கு ஆண்டவர் கேளாமலே கொடுத்ததை இவர்கள் சாலையில் அமர்ந்து கேட்க வேண்டியிருந்தது. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தமது சுற்றுமடலில், தொழிலாளிக்கு ஓய்வு அவனுடைய ஆன்மாவுக்காகவும் தேவை என்று வலியுறுத்தினார். ஆகவே களைத்தவருக்கு ஓய்வு கிடைக்கச் செய்வதும் ஒரு ஞானப் பணியே.

ஆனால், உண்டு உறங்கிய பின்னும் உள்ளம் வறண்டே இருந்தால்? அதுவும் பாவமல்ல. கல்கத்தா அன்னை தெரேசா பல ஆண்டுகள் இறைவனின் பிரசன்னத்தை உணராமல் இருளில் நடந்தார் என்பதை, 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் உலகுக்குச் சொல்லின. அவர் அந்த இருளை மனத்துக்குள்ளேயே பூட்டி வைக்கவில்லை. தம் ஆன்ம குருக்களிடம் மனம் திறந்தார். ஜெபத்தையும் விடவில்லை, ஏழைகளையும் விடவில்லை. இருளில் நடந்த அவரையே 2016இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது.

அன்புத் தோழியரே, பரீட்சையாலோ வீட்டுக் கவலையாலோ உங்கள் உள்ளமும் ஒருநாள் வறண்டு போகலாம். அன்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். வயிறார உண்ணுங்கள், கண்ணார உறங்குங்கள். நீண்ட ஜெபம் வராவிட்டால் ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் திறந்து பேசுங்கள்.

பெற்றோருக்கும் எங்கள் அன்புச் சகோதரிகளுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம்: களைத்து வரும் பிள்ளையிடம் "பூசைக்குப் போனாயா?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

இம்முறை அக்காள் வந்தபோது அம்மா அவளைக் காலைப் பூசைக்கு எழுப்பவில்லை. நன்றாக உறங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். மாலைப் பூசைக்கு அக்காள் தானாகவே புறப்பட்டாள். பாடற்குழுவோடு சேர்ந்து அவளும் மெதுவாகப் பாடியதை, பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.